பில்லுக்கு மேலே டீ காசு

பில்லில் இல்லாத காசை வாசலில் வைத்துக் கேட்கும்போது வருகிற எரிச்சல் தனி ரகம். ஐம்பதோ நூறோ, தொகை ஒன்றும் பெரிதில்லை. அதே நூறு ரூபாயைக் கடையிலேயே சேர்த்துப் போட்டிருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் கட்டியிருப்பேன். எல்லாம் பேசி முடித்து, பணமும் கட்டி, பொருள் பாதி வழியில் நிற்கும்போது "பாத்து ஏதாவது குடுங்க சார்" என்று ஒரு குரல் வருகிறதே, அங்கேதான் மனசு கசந்துபோகிறது. கொடுத்தால் ஏமாந்த மாதிரி இருக்கும். கொடுக்காமல் விட்டால் ராத்திரி வரை அந்த ஆளின் முகம் ஞாபகம் வரும்.

நங்கநல்லூர் பக்கம் ஒரு பழைய அடுக்ககத்துக்குக் குடிவந்த புதிதில் இந்த எரிச்சலை மொத்தமாக அனுபவித்தேன். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ, ஏசி என்று வரிசையாக வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பொருளோடும் ஒரு கை நீண்டது. அந்தக் கைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிபட்டது.

முதலில் ஃப்ரிட்ஜ். கடையில் இருந்த பையன் "டெலிவரி ஃப்ரீ சார், இன்ஸ்டலேஷன் ஃப்ரீ சார்" என்று நான் கேட்காமலே நாலு தரம் சொன்னான். மறுநாள் டாடா ஏஸ் வந்தது. டிரைவரும் ஒரு பையனும் பெட்டியை இறக்கி, கேட்டைத் தாண்டி, படிக்கட்டுக்குக் கீழே சாய்த்து நிறுத்தினார்கள். டிரைவர் அண்ணாந்து பார்த்தார்.

"எத்தனாவது மாடி சார்?"

"ரெண்டு."

"லிஃப்ட் இல்லியா?"

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாடிக்கு முன்னூறு சார். அறுநூறு குடுங்க, பத்திரமா ஏத்திடறோம்" என்றார்.

"கடையில டெலிவரி ஃப்ரீன்னாங்களே?"

"டெலிவரி ஃப்ரீதான் சார். ஏத்தறதுக்குத்தான் காசு."

இதற்கு என்ன பதில் சொல்வது? கடைக்கு போன் போட்டேன். "நான் அவங்ககிட்ட பேசறேன் சார்" என்று சொல்லி வைத்த பையன் பேசவே இல்லை. இதற்குள் மேலே பால்கனியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "என்னப்பா, இன்னும் ஏத்தலியா? பாலெல்லாம் வெளியில கெடக்கு" என்று குரல் கொடுத்தாள். அதோடு என் பேரம் பேசும் சக்தி போயிற்று. 400-க்கு முடிந்தது.

ஏற்றும்போது பார்த்தேன். முதல் மாடித் திருப்பத்தில் ஐம்பது அறுபது கிலோ பெட்டியை நிமிர்த்தித் திருப்ப வேண்டும். ஃப்ரிட்ஜில் கீறல் விழக் கூடாது என்று அந்தப் பையன் தன் கையைச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் கொடுத்தான். முழங்கைத் தோல் உரிந்தது. ஒன்றும் சொல்லாமல் எச்சிலைத் தொட்டுத் தடவிக்கொண்டு மறுபடி தூக்கினான். அந்த 400 ரூபாயை அப்புறம் நான் ஒரு நாளும் குறையாக நினைக்கவில்லை. ஆனால் எல்லாம் முடிந்து கிளம்பும்போது டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு, "டீ செலவுக்கு ஏதாவது..." என்றார் பாருங்கள், அப்போதுதான் சுருக்கென்றது. இப்போது வாங்கியது அப்புறம் எதற்கு?

தண்ணீர் குடித்துக்கொண்டே அவர் சொன்ன கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வண்டி கடையுடையது இல்லை. கடை ஒரு டிரான்ஸ்போர்ட்காரரிடம் மொத்தமாக விட்டிருக்கிறது. அவர் டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார். அதிலிருந்துதான் டிரைவர் கூடவரும் பையனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். தரைத்தளமோ நாலாவது மாடியோ, நடைக்கு ஒரே காசு. "கடைக்காரங்க சொல்ற ஃப்ரீ எங்க கணக்குல வராது சார்" என்றார். ஆக, கடை 'ஃப்ரீ' என்று விளம்பரப்படுத்திய வேலைக்கான கூலியை, படிக்கட்டுக்குக் கீழே வைத்து என்னிடமே வாங்கிக்கொள்ளும்படி அவரை அனுப்பியிருக்கிறார்கள். என் கோபம் போக வேண்டிய விலாசம் கடைதான்.

அதனால் பீரோ வாங்கும்போது பேச்சைக் கடையிலேயே ஆரம்பித்தேன். விலை பேசி முடிந்தது. பணம் இன்னும் கொடுக்கவில்லை. அந்த நேரம்தான் சரியான நேரம், காசு கை மாறிவிட்டால் நம் பேச்சு எடுபடாது. "ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. வீட்டுக்குள்ள ரூம்ல கொண்டுபோய் நிறுத்தற வரைக்கும் சேத்து எவ்வளவு?" என்று கேட்டேன். "அதெல்லாம் பசங்களுக்கு நீங்க பாத்து ஏதாவது குடுத்துக்கலாம் சார்" என்றார் முதலாளி. "பாத்து வேண்டாம், நீங்களே ஒரு தொகை சொல்லுங்க, பில்லுலயே போட்டுடுங்க" என்றேன். அவர் உள்பக்கம் திரும்பி, "டேய், ரெண்டாவது மாடிக்கு பீரோ ஏத்த எவ்ளோடா?" என்று கத்தினார். 500 என்று பதில் வந்தது. பில்லின் அடியில் 'ஏற்றுக்கூலி 500 உட்பட, 2-வது மாடி, லிஃப்ட் இல்லை' என்று பேனாவால் எழுதி வாங்கி, அங்கேயே போனில் படம் எடுத்துக்கொண்டேன். பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கட்டி, மீதியை அறைக்குள் வைத்த பிறகு தருவதாகச் சொன்னதற்கும் முதலாளி மறுக்கவில்லை.

பீரோ வந்த அன்றும் அதே கேள்வி வரத்தான் செய்தது. "மாடிக்குத் தனியா ஆகும் சார்." படத்தைக் காட்டினேன். "ஓ, முதலாளியே எழுதிட்டாரா" என்று சிரித்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மனஸ்தாபம் ஒன்றுமில்லை. அவர்களும் கேட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இடையில் ஒன்று, பெரிய சாமான் வாங்கும் முன் படிக்கட்டின் திருப்பத்தையும் வாசல் அகலத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். "இடுக்கமா இருக்கு சார், கயிறு கட்டித்தான் ஏத்தணும்" என்று புதிதாக ஒரு செலவைக் கிளப்பினால், உண்மையா இல்லையா என்று உங்களுக்குத் தெரியும்.

வாஷிங் மெஷின் பொருத்த வருபவர்களின் விஷயம் வேறு மாதிரி. அவர்கள் நேராக டீ காசு கேட்பதில்லை. முன்பக்கம் கதவு உள்ள மெஷின் என்றால், வண்டியில் ஆடாமல் இருக்க டிரம்மைப் பின்னாலிருந்து போல்ட் போட்டு இறுக்கி அனுப்புவார்கள். அதைக் கழற்றி, தண்ணீர் பைப்பைப் பொருத்தி, ஒரு தரம் ஓட்டிக் காட்டுவது இலவசம். ஆனால் வந்தவர் அதைத் தொடவே இல்லை. முதலில் "ஸ்டாண்டு இல்லாம வெச்சா துருப்பிடிச்சிடும் சார்" என்றார். பிறகு உப்புத் தண்ணீருக்கு ஒரு பவுடர், குழாய்க்கு ஒரு ஃபில்டர், மூன்று வருஷ கூடுதல் வாரண்டி. எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றதும் முகம் சுருங்கி, கடைசியில் "பெட்ரோலுக்காவது" என்றார். இங்கே கவனிக்க வேண்டியது ஓடிபி. வேலை முடிந்தது என்பதற்கு நம் போனுக்கு ஒரு எண் வரும். அதைச் சொன்னால்தான் அவர் கணக்கில் அந்த வேலை ஏறும். மெஷின் ஓடி, தண்ணீர் ஒழுகாமல் வெளியே போவதைப் பார்க்கும் வரை அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். சில பேர் உள்ளே நுழைந்ததுமே "மெசேஜ் வந்திருக்கும், நம்பர் சொல்லுங்க" என்பார்கள். ஸ்டாண்டு தேவைதான் என்றால் அதை வெளியே விலை விசாரித்து வாங்கலாம், அன்றைக்கே அவரிடமே வாங்க வேண்டும் என்று ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு ஆளிடம் எனக்குத் துளி எரிச்சல் வந்ததில்லை. தண்ணி கேன் போடுகிறவர். முதல் நாளே போனில் சொல்லிவிட்டார்: "கீழ்வீட்டுக்கு ஒரு ரேட்டு சார், மாடி ஏற ஏற அஞ்சஞ்சு ரூபா கூட." நானும் சரி என்றேன். கேனைத் தோளில் வைத்து இரண்டு மாடி ஏறுகிறார், சமையலறையில் வைத்துவிட்டுக் காலி கேனை எடுத்துக்கொண்டு போகிறார். இன்றுவரை ஒரு ரூபாய் கூடக் கேட்டதில்லை. பொங்கலுக்கு நானாகக் கொடுத்ததை வாங்கத் தயங்கினார். மாடி ஏற்றும் கூலி என்பது பெரிய கடைகளுக்குத் தீர்க்கத் தெரியாத கணக்கு ஒன்றும் இல்லை. தெரு முனையில் கேன் போடுகிறவரால் ஒரே வாக்கியத்தில் தீர்க்க முடிகிறது.

அடுத்தது கேஸ் சிலிண்டர். சென்னைவாசிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி, 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் சென்னையில் 868 ரூபாய் 50 காசு ஆனது. அப்போது பில்லில் அதுதான் இருந்தது. வாசலில் வந்து நின்றவர் கேட்டது 920. போனில் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்துக் கட்டினேன். "ஆன்லைன்ல கட்டிட்டீங்களா? அப்போ டெலிவரிக்கு அம்பது குடுங்க" என்றார்.

இது மாடி ஏற்றும் கூலி மாதிரி இல்லை. சிலிண்டர் விலைக்குள்ளேயே ஏஜென்சிக்கான கமிஷன் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் செலவும் அந்தக் கமிஷனில் ஒரு பகுதி. நாமே ஏஜென்சி கிடங்குக்குப் போய் எடுத்துக்கொண்டால் அந்தப் பகுதியைக் கழித்துக்கொண்டு கொடுக்க வேண்டும் என்பதும் விதி. அதாவது, ஏற்கெனவே கட்டிய கூலியை வாசலில் இரண்டாம் தரம் கட்டுகிறோம். ஏஜென்சியில் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் நிமிராமலே, "கேட்டா குடுக்காதீங்க சார்" என்றார். பில்லிலேயே அதை எழுதி அனுப்பலாமே என்றதற்குப் பதில் இல்லை.

அடுத்த தரம் 870 மட்டும் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், சண்டை போடவில்லை. ஆனால் அதற்கடுத்த சிலிண்டர் கீழே காவலாளி அறை வாசலிலேயே இறங்கியது. "கால் வலி சார், மேல ஆள் வெச்சு எடுத்துக்கங்க." சிலிண்டர் புகார்களுக்கான 1800-2333-555 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்தேன். (கேஸ் கசிவுக்கு 1906. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இரண்டு நாளில் ஏஜென்சியிலிருந்து மேனேஜர் பேசினார், சிலிண்டர் மறுபடி மாடிக்கு வர ஆரம்பித்தது. கேட்பதும் நின்றது. ஆனால் அந்த ஆள் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஒரு நாள் அவரிடமே கேட்டேன், ஏஜென்சி உங்களுக்கு என்னதான் கொடுக்கிறது என்று. "நீங்க குடுக்கறதுதான் சார் எங்க சம்பளம்" என்றார். முழுக்க உண்மையா, பாதி உண்மையா, எனக்குத் தெரியாது. பொய் என்று மட்டும் தோன்றவில்லை. விதி என் பக்கம் இருக்கிறது, அதனால் நான் ஜெயித்தேன். அந்த வெற்றியில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கேட்பதோ கொடுப்பதோ எப்படி இருந்தாலும், சிலிண்டர் வரும்போது இரண்டு வேலைகளை விடாதீர்கள். எடை பார்க்கச் சொல்லுங்கள். காலி சிலிண்டரின் எடை அதன் மேல்பகுதியில் பொறித்திருக்கும், அதோடு 14.2 கிலோ கூட்டினால் வர வேண்டிய எடை. அப்புறம், போனுக்கு வரும் டெலிவரி எண்ணைச் சிலிண்டர் கைக்கு வந்த பிறகு மட்டும் சொல்லுங்கள்.

போனில் வாங்கும்போது வருகிற இனாம் வேறு தினுசு. மளிகைக்கு ஆர்டர் போட்டால், கட்டணப் பக்கத்தில் 'உங்கள் டெலிவரி நண்பருக்கு' என்று 20, 30, 50 வரிசையாக நிற்கிறது. பொருள் வரவே இல்லை, கொண்டுவருபவர் யாரென்றே தெரியாது, அதற்குள் இனாம். ஒரு செயலியில் நான் ஒரு மழை நாளில் போட்ட 30 ரூபாய், அடுத்தடுத்த ஆர்டர்களிலும் தானாகவே ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே பொடி எழுத்தில் 'அடுத்த முறையும் சேர்க்கவும்' என்று ஒரு கட்டம் டிக் ஆகியிருந்திருக்கிறது. மழையில் நனைந்து வந்தவருக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. என்னைக் கேட்காமல் எடுத்ததில்தான் வருத்தம்.

இதற்குச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, வாங்குபவரின் சம்மதத்தை முன்கூட்டியே டிக் போட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. கேட்காமலே கூடையில் ஒரு தொகையைச் சேர்ப்பதும், முழு விலையைச் சொல்லாமல் கடைசிப் பக்கத்தில் துளித்துளியாக ஏற்றுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. நன்கொடையைத் தானாகச் சேர்ப்பதையும் அதில் குறிப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். கார், ஆட்டோ கூப்பிடும்போது வண்டி வருவதற்கு முன்னாலேயே டிப்ஸ் கேட்கும் வழக்கம் பற்றியும் 2025 மே மாதம் அதே ஆணையம் ஒரு பெரிய நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. நான் 1915-க்கு போன் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். ஆர்டர் எண்ணும் ஸ்கிரீன்ஷாட்டும் கேட்டார்கள். பணம் திரும்பி வந்தது, அந்த டிக்கை மட்டும் நானே போய் எடுத்தேன். மாதம் ஒரு தரம் பழைய பில்களைத் திறந்து கடைசி வரிகளைப் படித்துப் பாருங்கள்.

ஓட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால், அது வரி இல்லை. தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் ஆணையம் சொன்னதை, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று சரியென்று தீர்ப்பளித்தது. எடுக்கச் சொன்னால் பெரும்பாலும் முணுமுணுக்காமல் எடுத்துவிடுகிறார்கள். பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதைக் கையில் கொடுங்கள், அவருக்குப் போகும்.

மறுப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் தோற்றோம். "எனக்கும் கஷ்டம்தாம்பா" என்றால் அவர் தன் கஷ்டத்தைச் சொல்வார், அதில் அவர்தான் ஜெயிப்பார். "எல்லாம் கடையிலயே பேசியாச்சுங்க" என்று ஒரே வரி, சிரித்த முகம், அதற்குமேல் பேச்சில்லை. 'சில்லறை இல்லை' என்ற பழைய சாக்கு இனிமேல் செல்லாது. அவர் போனிலேயே கியூஆர் கோடு இருக்கிறது. ஜவுளிக்கடை வாசலில் வண்டிக்குக் காவல் இருந்தேன் என்று சொன்ன ஒருவர் கூட அதை நீட்டினார்.

அம்மாவின் வழி வேறு. ஆட்கள் உள்ளே வந்ததுமே, பொருளை இறக்குவதற்கு முன்னால், ஆளுக்கு ஒரு சொம்பு மோரும் கையில் ஐம்பது ரூபாயும் கொடுத்துவிடுகிறாள். "முன்னாடியே குடுத்துட்டா அவங்க எதுக்குக் கேக்கப் போறாங்க? நமக்கும் குடுத்த திருப்தி" என்பது அவள் கட்சி. கட்டில் வந்தபோது அப்படியே நடந்தது. கேட்கவே இல்லை, பழைய கட்டிலைக் கழற்றி மொட்டைமாடியில் போட்டுவிட்டு வேறு போனார்கள். ஏசி மாட்ட வந்தவர்களிடம் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. மோரையும் குடித்து, ஐம்பதையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியோடு வரும் 3 மீட்டர் காப்பர் பைப்புக்கு மேல் ஒன்றரை மீட்டருக்குக் கம்பெனி ரேட் கார்டுப்படி காசும் வாங்கிக்கொண்டு, ஏணியை மடக்கும்போது என்னைப் பார்த்து, "சார், டீ செலவுக்கு..." என்றார்கள். "அம்மாகிட்ட கேளுங்க" என்று உள்ளே போய்விட்டேன்.